குடும்ப வன்முறை வழக்குகள்: கேள்வி பதில்

சேலம் நீதிமன்றங்களில் அரசுத் தரப்பில் வழக்கு நடத்தி ஓய்வு பெற்ற உதவி வழக்கறிஞர் பதிலளிக்கிறார்.

ஏற்காடு வாசகி: கணவர் அடித்த அன்று, அரசு மருத்துவமனையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிட்டேன். இனிப் புகார் எடுபடுமா, ஐயா?

எடுபடும் அம்மா, ஆனால் வழி கடினமானது. மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் நீங்கள் சொன்னதைத்தான் எழுதுவார். 'தெரிந்த ஒருவர் கையால் தாக்கியதாக' என்ற ஒரு வரி அதில் இருந்திருந்தால் அரசுத் தரப்புக்கு அதுவே பெரும்பலம்; 'விழுந்ததாக' என்று இருப்பதால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு முதலில் எடுத்து நீட்டுவது அந்தத் தாளைத்தான். ஏன் அப்படிச் சொன்னீர்கள், அப்போது கணவர் பக்கத்தில் நின்றாரா என்பதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள். கூண்டில் ஏறிய பிறகு முதன்முறையாகச் சொன்னால் சோடித்ததாகத் தோன்றும். காயத்தை அன்றே பார்த்த காப்பித் தோட்டத்துப் பெண்களின் பெயர்களையும் சேருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த கொடுமைக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டத்தின் 85ஆம் பிரிவும், அதற்கு முந்தையதற்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498அ பிரிவும் பொருந்தும். தண்டனை மூன்று ஆண்டுகள் வரை. புகாரையும் மூன்று ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

கன்னங்குறிச்சி வாசகி: வாழ்ந்தது பெங்களூரில், இப்போது பிறந்த வீட்டில் இருக்கிறேன். அங்கே போய்த்தான் புகார் கொடுக்க வேண்டுமா?

வேண்டாம். தஞ்சம் புகுந்த ஊரிலேயே கொடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் ரூபாலி தேவி வழக்கில் கூறிவிட்டது.

அம்மாபேட்டை வாசகர்: புகார் வந்ததும் குடும்பத்தையே கைது செய்கிறார்களே, ஐயா?

2014இல் உச்ச நீதிமன்றம் தந்த அர்னேஷ் குமார் தீர்ப்பை அவர்களிடம் யாராவது படித்துக் காட்டுங்கள், தம்பி. கைது ஏன் தேவை என்று காவல் அதிகாரி எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். தேவை இல்லாவிடில் அழைப்பாணை கொடுத்துத்தான் விசாரிக்க வேண்டும்.

அதே வாசகர்: பிறகு ஏன் இத்தனை பேர் விடுதலை ஆகிறார்கள்? பொய் வழக்கு என்பதால்தானே?

விடுதலை என்றால் பொய் என்று பொருளில்லை. நான் நடத்திய வழக்குகளில், புகார் கொடுத்த பெண்ணே, பிள்ளைகளை எண்ணியோ அண்ணன்மார் பேசி முடித்ததாலோ, 'எனக்கு எதுவும் தெரியாது' என்று கூண்டில் சொல்லிப் பிறழ் சாட்சியாகிவிட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முகத்துத் தழும்பு ஆறாமல் நின்று அப்படிச் சொன்னவரும் உண்டு. அந்த விடுதலையை நீங்கள் பொய் வழக்குக் கணக்கில் சேர்ப்பது நியாயமன்று.

மேட்டூர், ஆத்தூர், ஓமலூர் வாசகர்கள்: சமாதானமாகிவிட்டோம். வழக்கை வாபஸ் வாங்கலாமா?

மூவருக்கும் ஒரே பதில்: முடியாது. வழக்கை நடத்துவது அரசு, புகார்தாரர் அதில் சாட்சி. உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம். அதற்கு அங்கே மனு போட வேண்டும். படித்துப் பார்க்காமல் சமாதானக் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள்.

சூரமங்கலம் வாசகி: ஜீவனாம்சம் எவ்வளவு கிடைக்கும்?

அது என் துறையன்று. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், வழக்கறிஞரை இலவசமாகத் தருவார்கள்.

மல்லூர் வாசகி: நேற்று இரவு அடித்தார். முதலில் எங்கே போவது?

அரசு மருத்துவமனைக்கு, இன்றே. அடித்தவர் யார் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து நேராக மகளிர் காவல் நிலையம் செல்லுங்கள்.