கோதுமையைக் காட்டுப் புல்லோடு கலந்தால், ஒருமுறை விதைத்துவிட்டுப் பல வருடம் அறுக்க முடியுமா?

கரும்பில் மறுதாம்பு விடுகிற (வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி துளிர்க்க விடுகிற) மாதிரி வருடக்கணக்கில் நம்பி அறுக்கக்கூடிய கோதுமை இன்னும் விவசாயி கைக்கு வரவில்லை. ஆனால் அந்தக் கலப்பு வீண் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பலன் வேறு பக்கத்தில் கிடைத்தது.

சோவியத் நாட்டில் நிகோலாய் சிட்சின் என்ற தாவர விஞ்ஞானி 1930களிலேயே இதில் இறங்கிவிட்டார். அவர் எடுத்தது கோதுமைக்குத் தூரத்துச் சொந்தமான பல்லாண்டுப் புற்களை. அவற்றின் வேர் மூன்று மீட்டர் வரைகூட இறங்கும். வருடா வருடம் உழ வேண்டாம், மண்ணும் அரித்துப் போகாது. ஆசை நியாயமானதுதான்.

சிக்கல் கலப்பிலேயே தொடங்குகிறது. படிக்கிற காலத்தில் கோதுமைக் கதிரில் இந்த வேலையைச் செய்து பழகியிருக்கிறேன். ஒவ்வொரு பூவிலும் மூன்று மகரந்தப்பைகள். அவை பச்சையாக இருக்கும்போதே இடுக்கியால் மூன்றையும் எடுத்துவிட்டு, கதிருக்கு பட்டர் பேப்பர் கவர் மாட்ட வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து வேறு செடியின் மகரந்தத்தைத் தூவ வேண்டும். அதுவும் கோதுமை என்றால் மணி பிடித்துவிடும். காட்டுப் புல் என்றால் பெரும்பாலும் மணி சுருங்கிப்போகும், ஏனென்றால் கருவுக்கு ஊட்டம் தரும் மாவுப் பகுதி வளராது. அதனால் பிஞ்சுக் கருவை மட்டும் நுண்ணோக்கிக்கு அடியில் பிரித்தெடுத்து, கண்ணாடிக் குழாயில் வளர்க்க வேண்டியிருக்கும்.

அப்படிப் பிழைத்த செடியும் பெரும்பாலும் மலடு. இரண்டு பக்கத்துக் குரோமோசோம்களும் ஜோடி சேராது. கோல்ச்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்துக் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினால் விதை பிடிக்கும், ஆனால் அடுத்தடுத்த தலைமுறைகளில் குரோமோசோம்கள் கழன்றுகொண்டே போகும். மறுபடி துளிர்க்கும் குணம் ஒரே ஒரு மரபணுவில் இல்லை. புல்லின் பங்கு குறைந்தால் செடி அறுவடையோடு செத்துவிடும், கூடினால் விளைச்சல் அடிவாங்கும்.

சரி, கிடைத்தது என்ன? கோதுமையைத் தாக்கும் துரு என்ற பூஞ்சை நோய்க்கு எதிர்ப்பு. புல்லின் குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு மட்டும் கோதுமைக்குள் வந்தால் போதும். நீலகிரி, பழனி மலைகளின் குளிரில் துருப் பூஞ்சை கோடையிலும் உயிரோடு இருக்கும். அந்த நீலகிரியில், வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் இந்த வேலையை வருடக்கணக்கில் செய்தது. சப்பாத்திக்குப் பேர்போன சி 306 ரகம் துருவுக்குத் தாங்காது. புல்லிலிருந்து வந்த எதிர்ப்பு மரபணுக்களை அதற்குள் ஏற்றி எச்டபிள்யூ 2004 என்ற ரகத்தை உருவாக்கினார்கள். நம் மலையில் நடந்த இந்த வேலை பற்றி நம்மிலேயே பலருக்குத் தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எதிர்ப்பும் நிரந்தரமில்லை. எச்டபிள்யூ 2004இல் ஏற்றிய மரபணுக்களில், தண்டுத் துருவைத் தடுக்கும் எஸ்ஆர் 24 மரபணுவை மீறும் பூஞ்சை 2006இல் கென்யாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதனால் புதுப் புது மரபணுக்களுக்காக இந்தப் புற்களிடம் திரும்பத் திரும்பப் போகிறார்கள்.

பல்லாண்டுத் தானியம்தான் வேண்டும் என்றால், அமெரிக்காவின் கான்சாஸில் லேண்ட் இன்ஸ்டிடியூட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் எடுத்த வழி எனக்குப் பிடிக்கிறது. அவர்கள் கோதுமைக் கலப்பைத் தொடர்ந்துகொண்டே, கோதுமைக்குச் சொந்தமான ஒரு பல்லாண்டுப் புல்லையே தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துத் தானியமாக்கி, கெர்ன்சா என்று பெயர் வைத்தார்கள். மணி இன்னும் கோதுமையைவிட ரொம்பச் சிறியது. நெல் இன்னும் முன்னே போய்விட்டது: ஆப்பிரிக்கக் காட்டு நெல்லோடு கலந்து உருவான பிஆர் 23 ரகத்தை சீனாவின் யுன்னானில் 2018இல் வெளியிட்டார்கள். ஒரே நடவில் நான்கு வருடம், எட்டு அறுவடை.