மோர்ஸ் கையும் இடைவெளியும்

அன்புள்ள ஐயா,

அமெச்சூர் வானொலி உரிமத்துக்கான ஜெனரல் கிரேடு தேர்வில் மோர்ஸை நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் முடித்தேன். இப்போது 40 மீட்டர் அலைவரிசையில் 18 சொல் வேகத்தில் அனுப்புகிறேன். சிக்னல் தெளிவாக, பலமாக வருகிறது என்று 599 ரிப்போர்ட் தருகிறவர்களே என் பெயரையும் ஊரையும் இரண்டு மூன்று தடவை திருப்பிக் கேட்கிறார்கள். மேலும் கீழும் அழுத்தும் ஸ்ட்ரெய்ட் கீயை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் தட்டும் பேடில் வாங்கினால் சரியாகுமா?

ஒரு வாசகர், தேனி

அன்புள்ள நண்பருக்கு,

பேடில் இப்போது வேண்டாம். 599 தந்தவர் மறுபடி கேட்கிறார் என்றால் சிக்னல் போய்ச் சேர்ந்துவிட்டது, எழுத்துதான் சேரவில்லை. உங்கள் இடைவெளியைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

மாத்திரைக் கணக்காகவே பாருங்கள். டிட் என்ற குறுகிய ஒலி ஒரு மாத்திரை, டா என்ற நீண்ட ஒலி மூன்று. நம் இலக்கணத்தில் உயிரளபெடைக்குள்ள அதே மூன்று. ஓர் எழுத்துக்குள் ஒலிக்கும் ஒலிக்கும் நடுவே ஒன்று, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொற்களுக்கு நடுவே ஏழு. வேகம் கூடும்போது எல்லோர் கையும் முதலில் விழுங்குவது அந்த நடு மூன்றைத்தான்.

மணி என்ற பெயரை எம், ஏ, என், ஐ என்று அனுப்புகிறோம். ஏ என்பது டிட் டா, என் என்பது டா டிட். இரண்டும் ஒட்டினால் டிட் டா டா டிட், அதாவது பி (P). எதிரில் இருப்பவர் 'எம் பி ஐ' என்று எழுதிவிட்டு விழிப்பார். ஊரைச் சொல்லும் க்யூடிஎச்சில் (QTH) டியும் எச்சும் ஒட்டினால் அது 6 என்ற எண். உங்களிடம் பெயரையும் ஊரையும் மட்டும் கேட்பது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன்.

கீயர் (டிட், டாவைத் தானே உண்டாக்கும் மின்சுற்று) வைத்த பேடில், எழுத்துக்குள் இருக்கும் டிட், டா அளவைத்தான் பிசகாமல் தரும். எழுத்துகளுக்கு நடுவே எவ்வளவு பொறுப்பது என்பது பெரும்பாலும் உங்கள் கையில்தான். அவசரப்பட்ட கையில் பேடிலைக் கொடுத்தால் ஒட்டிய எழுத்துகள் இன்னும் வேகமாக ஒட்டும்.

கீயை மேசையின் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி வையுங்கள், முழங்கை மேசையில் படியட்டும். குமிழைக் கட்டைவிரலும் இரண்டு விரல்களும் தளர்வாகப் பிடிக்க, அசைவு மணிக்கட்டில் இருக்கட்டும். விரல் நுனியால் தட்டினால் பத்து நிமிடத்தில் முன்கை இறுகும், இடைவெளி சுருங்கும்.

எழுத்துகளை 18 சொல் வேகத்திலேயே அனுப்புங்கள், இடைவெளிகளை மட்டும் 12 சொல் வேகத்துக்கு உரியதாக விடுங்கள். 12 சொல் வேகத்தில் டிட் 100 மில்லி வினாடி. எழுத்துக்கு நடுவே 300, சொல்லுக்கு நடுவே 700. முதல் சில நாள் அநியாயத்துக்கு நீளமாகத் தோன்றும். கேட்கிறவருக்கு அது மூச்சுவிடும் நேரம்.

வானொலியில் நம் அடையாளமான அழைப்புக்குறியில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஆயிரம் தடவை அனுப்பிப் பழகியதால் கை அதை ஒரே மூச்சில் கொட்டிவிடும். கேட்பவருக்கோ அதுதான் முதல் தடவை. எனக்கு இது பிடிபட வருடங்கள் ஆயின. ஒருநாள் யாராவது பதில் தருகிறீர்களா என்று கேட்கும் என் சிக்யூ அழைப்பைப் பதிவுசெய்து மறுநாள் காலையில் கேட்டேன். என் குறியின் கடைசி இரண்டு எழுத்துகளை என்னாலேயே பிரிக்க முடியவில்லை.

இன்றிரவே உங்கள் பெயரையும் ஊரையும் அழைப்புக்குறியையும் அலைபேசியில் பதிந்து வையுங்கள். நாளைக்குப் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து, யாரோ அனுப்பியது போல எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் ஒட்டியது என்று எனக்கும் எழுதுங்கள்.

73 (வாழ்த்துகள்).