கவிதைக்குள் ஒரு பாடகியின் பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இப்போது படிக்கும் கவிதைகளில் பாப் பாடகிகள், சூப்பர் ஹீரோக்கள், டிவி தொடர்கள், வீடியோ கேம்கள் எல்லாம் வருகின்றன. படிக்கும்போது பிடிக்கிறது. ஆனால் எனக்குப் பிடித்தது கவிதையா, தெரிந்த பெயரைப் பார்த்த சந்தோஷமா என்று சந்தேகம் வருகிறது. இருபது ஆண்டு கழித்து அந்தப் பெயர் யாருக்கும் தெரியாமல் போனால் அந்தக் கவிதை என்ன ஆகும்? நானும் எழுதிப் பார்க்கிறேன். இப்படிப்பட்ட பெயர்கள் தானாக வந்து விழுகின்றன. உடனே அடித்துவிடுகிறேன். நான் செய்வது சரியா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அடிக்காதீர்கள். தானாக வந்து விழுகிற பெயருக்கு ஒரு காரணம் இருக்கும். அது என்னவென்று தெரிவதற்கு முன்பே அடித்துவிட்டால் கவிதை தொடங்கும் இடமே போய்விடலாம்.

இது புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டியதில்லை. அகப்பாடலில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக்கூடாது என்பது நம் மரபு. ஆனால் அதே பாடல்களில் ஊரறிந்தவர்களின் பெயர்கள் உவமையாகத் தாராளமாக வருகின்றன. ஆட்டனத்தி ஆடலில் பேர்பெற்றவன். அவனை ஆற்று வெள்ளம் கொண்டுபோக, அவன் மனைவி ஆதிமந்தி தேடி அலைந்தாள். அன்று எல்லோரும் பேசிய கதையாக இருந்திருக்க வேண்டும். அகநானூற்றில் வெள்ளிவீதியார், ஆதிமந்தியைப் போல நானும் கலங்கித் திரிவேனோ என்கிறார். அதே நூலில் ஔவையாரின் பாட்டு ஒன்று, வெள்ளிவீதியைப் போல நானும் புறப்பட்டுவிடுவேன் என்கிறது. பிறர் கதையைத் தன் துயரத்துக்குத் துணை சேர்த்தவளே அடுத்த கவிஞருக்குத் துணையாகிவிட்டாள். எனக்கு மிகவும் பிடித்த தொடர்ச்சி இது. பெயர் சொல்ல முடியாத அந்தரங்கம் ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறது. இன்றைய கவிஞர் ஒரு பாப் பாடகியை அழைக்கும்போதும் இதுதான் நடக்கிறது.

பெயர் மறந்துபோனால் என்ன ஆகும் என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்கக் கவிஞர் ஃபிராங்க் ஓஹாரா 1959இல், ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே இறந்த நாளைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். அதன் பெரும்பகுதியில் சாவே இல்லை. மதியம் 12:20 மணி. அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறார், ஹாம்பர்கர் சாப்பிடுகிறார், வங்கிக்குப் போகிறார், நண்பர்களுக்கு என்ன வாங்கிப் போவது என்று குழம்புகிறார். சிகரெட் வாங்கும்போது கூடவே ஒரு செய்தித்தாளும் வாங்குகிறார். அதில் அவள் முகம். கடைசி நான்கு வரிகளில் வேர்க்கிறது, ஒரு கிளப்பில் கதவில் சாய்ந்து நின்று அவள் பாடியதைக் கேட்ட இரவு நினைவுக்கு வருகிறது. எல்லோருக்கும் மூச்சு நின்றுபோனது. அவ்வளவுதான் கவிதை.

கவிதை வரிகளுக்குள் பில்லி ஹாலிடே என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. தலைப்பில் அவருடைய செல்லப்பெயரின் சாயல் மட்டும்தான். அவர் பாட்டை ஒருமுறைகூடக் கேட்காதவருக்கும் அந்த வரிகள் வேலை செய்யும். ஏனென்றால் கவிதை அவருடைய புகழைப் பற்றியது இல்லை. சாதாரண வேலைகளுக்கு நடுவே ஒரு சாவுச் செய்தி ஒரு மனிதனை என்ன செய்கிறது என்பதைப் பற்றியது. பாட்டைக் கேட்டவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும், சரி. ஆதிமந்தி யாரென்று இன்று நாமும் உரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். அதற்காக வெள்ளிவீதியாரின் கலக்கம் நமக்குக் குறைந்தா போகிறது?

நிகரகுவாவின் எர்னஸ்தோ கார்தெனால் கவிஞர், பாதிரியார். ஹாலிவுட் நடிகை மர்லின் மன்றோ 1962இல் இறந்ததை வைத்து அவர் எழுதிய பிரார்த்தனையையும் தேடிப் படியுங்கள். கையில் தொலைபேசியோடு இறந்து கிடந்தவள் யாரை அழைக்க நினைத்தாளோ தெரியாது. அது யாராக இருந்தாலும், ஆண்டவரே, நீரே அந்த அழைப்பை எடும் என்று முடியும். எல்லோரும் பார்த்த ஒரு முகத்தை, யாருமே கவனிக்காத தனிமையாக அவர் மாற்றிவிடுகிறார். அமெரிக்கக் கவிஞர் டிரேசி கே. ஸ்மித் 2011இல் வெளியிட்ட, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற தொகுப்புக்குத் தலைப்பே ராக் பாடகர் டேவிட் போவியின் பாட்டு ஒன்றின் பெயர்தான். உள்ளே அறிவியல் புனைகதைகளும் விண்வெளிப் படங்களும் நிறைந்திருக்கின்றன. ஆனால் அவருடைய அப்பா ஹப்பிள் தொலைநோக்கித் திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர், இறந்துபோனவர். அது தெரிந்தபின் அந்தத் தொகுப்பில் விண்வெளி வரும் இடமெல்லாம் அப்பாவைத் தேடும் இடமாகத் தெரிகிறது.

இந்த வகையில் மோசமான கவிதைகளும் நிறைய வருகின்றன. பத்துப் பெயர்களை அடுக்கிவிட்டு, வாசகர் சிரித்துத் தலையாட்டியதோடு முடிந்துவிடும் கவிதைகள். உங்கள் சந்தேகம் அவற்றுக்குப் பொருந்தும். அவற்றில் ஒரு பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரை வைத்தாலும் ஒன்றும் மாறாது. கார்தெனாலின் கவிதையில் அப்படி மாற்றிப் பாருங்கள், அந்தத் தொலைபேசியே இல்லாமல் போய்விடும்.

உங்கள் வரைவுகளையும் இப்படிப் பார்க்கலாம். அந்தப் பாடகியோ அந்தக் கேமோ எந்த வயதில், யாரோடு இருந்தபோது உங்களுக்குள் வந்தது? அதைக் கவிதைக்குள் கொண்டுவாருங்கள். பெயருக்கு விளக்கம் எழுத வேண்டாம். அப்புறமும் பெயர் தேவையில்லை என்று தோன்றினால், அப்போது தாராளமாக அடியுங்கள். அடித்துவிட்ட பழைய வரிகள் நோட்டில் இன்னும் இருந்தால், அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.