ராத்திரி மூன்று மணிப் பரோட்டா

கேள்வி: நான் மேலூர் பக்கம் ஒரு அரசு தொடக்கப்பள்ளியில் ஆசிரியை. கல்யாணமாகி நாலு வருஷம். கணவருக்கு மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை. ராத்திரி பத்து மணிக்குப் போனால் காலை ஒன்பதரைக்குத்தான் வருவார். மூன்று மணிக்கு லோடுமேன்களோடு நின்றுகொண்டே பரோட்டா, சால்னா. வீட்டுக்கு வந்ததும் தரையில் உட்கார்ந்து பழைய சோறும் முந்தின நாள் மீன் குழம்பும், என் அண்ணன் வந்திருந்தபோது அதைப் பார்த்துவிட்டார். தூங்கி எழுந்து ஐந்து மணிக்கு மாமியார் கையால் ஒரு முழுச் சாப்பாடு. எட்டு மணிக்கு நான் செய்யும் டிபனைத் தொடுவதே இல்லை. என் அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், எங்கள் வீட்டில் எல்லோரும் நேரத்துக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். இவர் வளர்ப்பே இப்படியா? மாமனாருக்குச் சர்க்கரை வேறு. மூன்று வயசுப் பையனும் பரோட்டா கேட்க ஆரம்பித்துவிட்டான்.
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: வளர்ப்பு கிடக்கட்டும் தங்கச்சி, முதலில் மணிக்கணக்கைப் பார்ப்போம். ஐந்து மணிக்கு வயிறு முட்டச் சோறு தின்ற மனுஷனுக்கு எட்டு மணிக்கு நீங்கள் எத்தனை முறுகலாகத் தோசை வார்த்தாலும் இறங்குமா? அவர் உங்கள் சமையலை ஒதுக்குகிறார் என்று நினைத்து உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள், கடிதம் முழுக்க அதுதான் தெரிகிறது, பரோட்டா சும்மா மாட்டிக்கொண்டது.

என் அப்பா ஹார்வி மில்லில் ஸ்பின்னிங்கில் இருந்தார். ராத்திரி ஷிப்ட் வாரம் என்றால் பகலில் எங்கள் வீட்டில் மிளகாய் வறுக்கக்கூடாது, அம்மியில் அரைக்கக்கூடாது, தூங்குகிற ஆளுக்கு இருமல் வந்துவிடும். வாரம் முழுக்க மோரும் ஊறுகாயும்தான் எங்களுக்கு. மில் சங்கை வைத்துத்தான் அம்மா உலையே வைப்பார். எட்டு மணி டிபன், ஒரு மணிச் சோறு என்று இருக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். உங்கள் வீடு அப்படிப்பட்ட வீடு. ஆனால் அங்கேயும் ஒரு மணி அடித்துக்கொண்டுதான் இருந்தது, பள்ளிக்கூட மணி. உங்கள் அப்பா மண்டியில் கணக்கு எழுதியிருந்தால் நீங்களும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

இதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி நம்ம மதுரையில்தானே காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார்கள்? உங்கள் வகுப்புப் பிள்ளைகள் உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருவதைத் தினமும் பார்க்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் விடிவதற்குள் நடவுக்கோ கட்டட வேலைக்கோ கிளம்ப வேண்டியிருக்கிறது, காலையில் அடுப்புப் பற்றவைக்க நேரமில்லை என்பது உங்களுக்குப் புரிகிறது, அவர்களைப் பார்த்து வளர்ப்பு சரியில்லை என்று நீங்கள் சொல்வதில்லை. வீட்டுக்காரருக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

மூன்று மணிப் பரோட்டாவுக்கும் காரணம் இருக்கிறது. ஒட்டன்சத்திரம், கம்பம் பக்கமிருந்து லாரி வந்து நிற்கிற நேரம், மூட்டை இறங்கி ஏலம் முடிகிறவரை உட்கார முடியாது, ஐந்து நிமிஷத்தில் தின்று முடிக்கிற, பசி தாங்குகிற ஒன்று வேண்டும். லோடுமேன்களோடு நின்று சாப்பிடுகிற முதலாளிக்கு மார்க்கெட்டில் இருக்கிற மரியாதையே தனி, அதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பழைய சோற்றை நான் குறை சொல்லவே மாட்டேன். ராத்திரி முழுக்க ஊறிப் புளித்த சோறு, சின்ன வெங்காயம், முந்தின நாள் மீன் குழம்பு, ஆகா! தரையில் உட்காருவதையும் விட்டுவிடுங்கள், உங்கள் அண்ணன் வந்திருந்தபோது அதைப் பார்த்துவிட்டார் என்பதைத் தவிர வேறு என்ன குற்றம் அதில்?

ஆனால் சர்க்கரை விஷயத்தில் உங்கள் பயம் சரிதான், இதில் நான் உங்கள் கட்சி. பகலில் தின்கிற அதே உணவை நடுராத்திரியில் தின்றால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறும், அந்த நேரத்தில் உடம்பு அதற்குத் தயாராக இருக்காது. வருஷக்கணக்கில் ராத்திரி வேலை பார்க்கிறவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம், அப்பாவுக்கு இருந்தால் இன்னும் அதிகம். வீட்டுக்காரரை எச்பிஏ1சி என்கிற ரத்தச் சர்க்கரைச் சோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். முந்தின மூன்று மாதச் சராசரி அதில் தெரிந்துவிடும், வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை, அதனால் தூங்கி எழுந்து சாயங்காலம்கூடப் போகலாம்.

அப்புறம் இந்த ஐந்து மணிச் சாப்பாடு. அதை எட்டரைக்குத் தள்ளுங்கள், எழுந்ததும் டீயும் ஒரு கைப்பிடி சுண்டலும் போதும். மாமியாரிடம் இதை நீங்கள் சொன்னால் சண்டை வரும், வீட்டுக்காரரே சொல்லட்டும். எட்டரைக்குச் சோறு, குழம்பு, பொரியல் என்று கனமாகவே சமையுங்கள், நீங்களும் பையனும் அவரோடு உட்காருங்கள், வேண்டுமானால் தரையில். டிபன் எதற்கு அந்த நேரத்தில்? அந்தச் சாப்பாட்டோடு போனால் மூன்று மணிக்கு நாலு பரோட்டா இறங்காது. இரண்டு இட்லி போதும், நம்ம ஊரில் அந்த நேரத்தில் இட்லிக்கா பஞ்சம்? என்றைக்காவது பரோட்டாதான் என்றால் தின்றுவிட்டுப் போகட்டும், கூட ஒரு ஆம்லெட்டைப் போடச் சொல்லி எண்ணிக்கையை இரண்டோடு நிறுத்தட்டும்.

பையனைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள். மூன்று வயசுப் பிள்ளைக்கு அப்பா வாங்கி வருகிற பொட்டலம் என்றால் அதில் என்ன இருந்தாலும் வேண்டும். காலையில் வரும்போது பரோட்டாவுக்குப் பதில் கடையிலிருந்து ஒரு கொய்யாவோ மாதுளையோ எடுத்துவரச் சொல்லுங்கள். காய்கறி மார்க்கெட்டில் இருக்கிறவர், பழத்துக்கா அலையப் போகிறார்?