கண்ணிமையில் மஞ்சள் திட்டு வந்தால் கொலஸ்ட்ரால் என்று அர்த்தமா? கருவளையம் சர்க்கரை நோயின் அறிகுறியா?

முதலாவது எனக்கே வந்தது. அதனால் அதைத்தான் அதிகம் சொல்வேன்.

அப்போது எனக்கு 43 வயது. தண்டையார்பேட்டையில் வழக்கமாக முடி வெட்டும் அண்ணன்தான் முதலில் பார்த்தார். "இன்னா சார், கண்ணாண்ட வெண்ணெய் ஒட்டிக்கினு இருக்கு?" என்றார். இரண்டு மேலிமையிலும், மூக்கை ஒட்டிய பக்கம், தட்டையாக மஞ்சள் திட்டு. வலியும் இல்லை, அரிப்பும் இல்லை. அத்தை பூண்டை நசுக்கிப் பூசச் சொன்னார். இரண்டு ராத்திரி பூசினேன். இமை வெந்து கண் வீங்கியதுதான் மிச்சம், திட்டு அப்படியே இருந்தது. தயவுசெய்து நீங்கள் இதைச் செய்யாதீர்கள், உடம்பிலேயே மெல்லிய தோல் அது.

அப்புறம் ராயபுரத்தில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். லேசரில் எடுத்துவிடுவார் என்று நினைத்தால், ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதினார். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். இதற்குப் பெயர் சாந்தலஸ்மாவாம். கொழுப்பை விழுங்கிய செல்கள் தோலுக்கடியில் சேர்ந்து மஞ்சளாகத் தெரிகின்றன. திட்டால் கெடுதல் இல்லை. ஆனால் இது வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கும்.

மீதிப் பாதிப்பேர் நிம்மதியாக இருக்கலாமா என்றால், அதுவும் முழுசாக முடியாது. கோபன்ஹேகனில் 12,000-க்கும் மேற்பட்டவர்களை 1970-களிலிருந்து தொடர்ந்து கவனித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். கொலஸ்ட்ரால் அளவைக் கணக்கில் எடுத்த பிறகும், இமையில் திட்டு உள்ளவர்களுக்கு மாரடைப்பு அதிகமாக வந்திருந்தது. கருவிழியைச் சுற்றி வரும் சாம்பல் வளையத்துக்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை. வயதானவர்களுக்கு அந்த வளையம் சகஜம். 45-க்குள் வந்தால் மட்டும் கொழுப்பைப் பார்த்துவிட வேண்டும்.

என் ரிசல்ட்: எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 172, மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1. அதாவது சர்க்கரை வாசலில் நிற்கிறது. தைராய்டும் பார்த்தார்கள், அது குறைந்தாலும் கொலஸ்ட்ரால் ஏறுமாம். எனக்கு அது சரியாக இருந்தது. காசிமேட்டு மீனை டாக்டர் குறை சொல்லவில்லை. அதை எண்ணெயில் மிதக்கவிட்டு எடுப்பதையும், ராத்திரி பத்து மணி பரோட்டாவையும்தான் சொன்னார்.

கருவளையம் வேறு கதை. நம்மில் பலருக்கு அது பரம்பரை. கண்ணைக் கசக்குவது, தூக்கமின்மை, ரத்தசோகை என்றும் காரணங்கள் உண்டு. அதை மட்டும் வைத்துச் சர்க்கரை என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் பிடரியிலும் அக்குளிலும் தோல் தடித்து, வெல்வெட் மாதிரி கறுத்திருந்தால் கவனியுங்கள். குட்டி மருக்களும் கூடவே தொங்கலாம். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கு அது நல்ல தடயம். வியாசர்பாடியில் இருக்கும் என் அக்கா மகன், 16 வயசுப் பையன், அதை அழுக்கு என்று நினைத்து எலுமிச்சையும் கடலை மாவும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். எடை குறைந்த பிறகுதான் கறுப்பு மங்கியது.

காலையில் இமை வீங்கியே இருந்தால் அது சிறுநீரகமாகவும் இருக்கலாம், தைராய்டாகவும் இருக்கலாம். சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள்.

நான் கொலஸ்ட்ரால் மாத்திரை தொடங்கி இரண்டு வருஷம் ஆகிறது. எல்.டி.எல். 100-க்குக் கீழே வந்துவிட்டது. திட்டு மட்டும் போகவில்லை. எடுத்தாலும் திரும்ப வரலாம் என்றார்கள், சரி கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.