மாமரத்தடி ட்ரவலரை வாங்கலாமா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் ஒரு வளவுக்குள் மொறிஸ் மைனர் ட்ரவலர் கார் ஒன்று பல வருடமாக மாமரத்தடியில் நிற்கிறது. எஞ்சின் இறுகிவிட்டது. வாங்கித் திருத்தலாமா ஐயா?
— வாசகர், மாங்குளம்

பதில்: தம்பி, எஞ்சினை நினைத்துப் பயப்படாதீர்கள். அந்த ஏ-சீரிஸ் எஞ்சினுக்கு இன்றும் சாமான் எடுக்கலாம். என் பயமெல்லாம் காரின் மரச்சட்டத்தில்தான். 1953 முதல் 1971 வரை வந்த ட்ரவலரில் அந்த ஆஷ் மரச்சட்டம் அழகுக்கு வைத்ததில்லை; பின்பாதிக் கூட்டைத் தாங்குவதே அதுதான். வன்னிக் கறையான் விட்டுவைக்குமா? சின்ன ஸ்குரூட்றைவர் ஒன்றைக் கொண்டுபோய், பின்கதவின் கீழ் மூலையிலும் சில்லுக்கு மேலே வளையும் துண்டிலும் குத்திப் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்கப் போன காரில் வார்னிஷ் பளபளத்தது. குத்தியதும் புற்றுமண் கொட்டியது. பேசாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அப்புறம் கீழே படுத்து, பின் வில்லுத்தகடு பூட்டும் இடத்தைத் தட்டுங்கள். அங்கே உக்கியிருந்தால் வெல்டிங் செலவு லேசில் முடியாது.

யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய காரா என்றும் கேளுங்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றித்தானே ஓடினோம். எரியாத எண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், பெயரிங் தேயும். அந்தப் புகை மணம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது.

இடப்பெயர்வில் பதிவுப் புத்தகம் தொலைந்திருந்தால், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் செசி இலக்கத்தைக் காட்டி விசாரித்த பிறகே அச்சாரம் கொடுங்கள்.

மரமும் புத்தகமும் சரியென்றால் எடுங்கள் தம்பி. மாரிமழைக்கு முன் கூரைக்குக் கீழே தள்ளிவிடுங்கள்.