அணியின் ஒரு தொகுதி மட்டும் சிங்குலராக (நேர்மாறு இல்லாததாக) இருக்கும் பெரிய நேரியல் சமன்பாட்டுத் தொகுப்பை எப்படித் தீர்ப்பது?

கேள்வியில் உள்ள அமைப்பு இது: மேலே இடப்பக்கம் சமச்சீர் அணி க, கீழே இடப்பக்கம் கட்டுப்பாட்டு அணி ப, மேலே வலப்பக்கம் அதன் நிரை நிரல் மாற்று ப′, மீதி மூலையில் பூச்சியம். க சிங்குலர் என்பதால், அணியை முக்கோண அணிகளாகப் பிரிக்கும் சோலெஸ்கி முறை பாதியில் நிற்கிறது. மூலைவிட்டத்தில் 10⁻⁸ கூட்டி ஓட்டலாமா என்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஷூர் நிரப்பியில் (க-வை நீக்கிய பின் மிஞ்சும் சிறிய அணியில்) 10⁸ அளவு எண்கள் வந்து உட்காரும். டபுள் பிரிசிஷனின் 16 இலக்கங்களில் ஏறக்குறைய பாதி அங்கேயே போய்விடும். போதாததற்கு, நீங்கள் தீர்ப்பது வேறொரு கணக்கு.

க சிங்குலர் என்றால் முழு அணியும் சிங்குலர் என்று அர்த்தமில்லை. க-வின் மூலைவிட்டம் (1, 0), ப ஒரே நிரை (0, 1) என்று வைத்துப் பாருங்கள். 3×3 முழு அணியின் அணிக்கோவை −1. ப-வை (1, 0) ஆக்கினால் எல்லாம் கெட்டது: (0, 1) என்ற வெக்டரை க, ப இரண்டுமே பூச்சியமாக்குகின்றன. க-வுக்குக் குறை (நெகட்டிவ்) ஐகென் மதிப்பு இல்லை, ப-வின் நிரைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், இப்படி ஒரு பொது வெக்டர் இருக்கிறதா என்பதுதான் ஒரே சோதனை.

பொது வெக்டர் இல்லையென்றால், க-வுக்குப் பதில் க + காமா·ப′ப போடுங்கள்; காமா நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒரு நேர் எண். ப ச = வ என்பது ஏற்கெனவே கட்டுப்பாடு (ச தேடும் வெக்டர், வ கட்டுப்பாட்டின் வலப்பக்கம்); எனவே வலப்பக்கத்திலும் காமா·ப′வ கூட்டினால் விடை துளியும் மாறாது. வலப்பக்கத்தை மறந்தால் தவறான விடை சத்தமில்லாமல் வரும். காமாவை க-வின் நார்ம் (அணியின் அளவைச் சொல்லும் எண்) ÷ ப-வின் நார்மின் வர்க்கம் என்று தொடங்குங்கள். மிகப் பெரிதாக்கினால் புதிய தொகுதியே மோசமான நிலைமைக்குப் போகும். பல அளவு வலைகளில் தீர்க்கும் சாதாரண மல்டிகிரிடும் அங்கே திணறும்.

பிறகு மின்ரெஸ் என்ற, சமச்சீர் அணிகளுக்கான சுற்றுமுறைத் தீர்வி. முழு அணிக்குக் குறை ஐகென் மதிப்புகளும் உண்டு, ஆகவே கான்ஜுகேட் கிரேடியன்ட் என்ற இன்னொரு சுற்றுமுறை பொருந்தாது. சுற்றுகளைக் குறைக்க உதவும் துணை அணியான பிரிகண்டிஷனரின் மூலைவிட்டத் தொகுதிகள்: க + காமா·ப′ப, (1/காமா)·அலகு அணி. க-வின் பூச்சிய வெளியின் (க பூச்சியமாக்கும் வெக்டர்களின்) பரிமாணம் ப-வின் நிரை எண்ணிக்கைக்குச் சமமாகி, இதை க மாறாத மூல அணிக்குப் போட்டால் ஐகென் மதிப்புகள் 1, −1 மட்டுமே. ரவுண்டிங் பிழை இல்லாவிட்டால் 2 சுற்றில் முடியும். மேலே உள்ள 3×3 அணியில் காமா = 1 போட்டால் பிரிகண்டிஷனர் அலகு அணியாகவே வருவதைக் கையால் சரிபார்க்கலாம். முழுச் சோலெஸ்கிக்குப் பதில் தோராயமான ஒன்றைப் போட்டால் சுற்றுகள் கூடும், ஆனால் அது பாசிட்டிவ் டெஃபினிட்டாக (எல்லா ஐகென் மதிப்பும் பூச்சியத்துக்கு மேல்) இருந்தே ஆக வேண்டும்.

ப-வில் அடர்ந்த நிரை இருந்தால் இந்த வழி வேண்டாம். 10,000 பூச்சியமற்ற உறுப்புகள் கொண்ட ஒரே நிரை, ப′ப-வில் 10 கோடி உறுப்புகளை நிரப்பும். 8 பைட் வீதம் 800 எம்பி. அப்போது முழு அணியையும் 2×2 பிவட் எடுக்கும் சமச்சீர் நேரடித் தீர்வியிடம் கொடுங்கள். மூலைவிட்டத்தில் பூச்சியம் இருந்தாலும் அது இரண்டு நிரைகளைச் சேர்த்து ஒரே பிவட்டாக எடுத்துக்கொள்ளும்.

பொது வெக்டர் இருந்தால், முதலில் மாதிரியில் விட்டுப்போன எல்லை நிபந்தனையைத் தேடுங்கள்.